பேசி வெச்ச ஆட்டம்

"எல்லாம் முன்னாடியே பேசி வெச்ச ஆட்டம்!" பிளவுஸ் தைக்க வந்த எல்லோரிடமும் தையல்காரம்மா காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரிய டீம் ஜெயிச்சாத்தானே லீக் நடத்துறவங்களுக்குக் கல்லா கட்டும்? இல்லேன்னா கோல்கீப்பர் கைக்கு நேரா வந்த பந்து வலைக்குள்ள போகுமா?"

வாடிக்கையாளர் போனதும் உள்ளேயிருந்து மகன் வந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"போதும்மா. பேசி வெச்ச ஆட்டம்னா, கோல்கீப்பர் நானும் காசு வாங்கினேன்னுதானே அர்த்தம்?"

தையல் மெஷின் சட்டென்று நின்றது. அதுவரை அவளுக்கு அது உறைத்திருக்கவே இல்லை.

அடுத்து வந்தவள் வாசலிலேயே ஆரம்பித்தாள். "என்னக்கா, நேத்து மேட்ச்சே பிக்ஸிங்காமே?"

"வேலைவெட்டி இல்லாதவ எவளோ கிளப்பிவிட்டிருக்கா!" தையல்காரம்மா தலை நிமிர்ந்து சொன்னாள். "என் பிள்ளைதான் பந்தைக் கோட்டை விட்டான்."