மரங்கொத்தியின் உயில்

காட்டுப் பள்ளியில் படித்த கிழட்டு மரங்கொத்தி, தலைமையாசிரியை மைனாவைப் பார்க்க வந்தது.

"டீச்சர், என் காலத்துக்குப் பிறகு என் பொந்து நம்ம பள்ளிக்குத்தான். உயில் எழுதிட்டேன்."

மைனா நெகிழ்ந்துபோனது. "ரொம்ப நன்றி ஐயா. நீங்க நூறு வயசு இருக்கணும். ஆனா அடுத்த வாரம் மழை வந்தா குஞ்சுகளை எங்கே உட்கார வைப்பேன்?"

மறுநாள் விடிந்ததும் பள்ளி மரத்தில் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. முதல் தூறலுக்குள் அகலமான பொந்து தயாராகிவிட்டது. குஞ்சுகள் கத்திக்கொண்டு உள்ளே ஓடின.

"வாசல்ல உங்க பெயரை எழுதட்டுமா, ஐயா?"

"அதெல்லாம் வேண்டாம். கடைசி வரிசையில் ஓர் இடம் போதும். சின்ன வயசுல இங்கே படிச்சப்போ, கரும்பலகையைக் கொத்தினேன்னு பாதி வகுப்பில் வெளியே அனுப்பிட்டாங்க. மீதிப் பாடத்தைக் கேட்கணும்."