பூசைக்கு எந்த வைன்?

டேனிஷ் நகரமான ஓகூஸின் கத்தோலிக்கக் கோவிலில் பூசைக்கு வைன் எடுத்துவைப்பது பஸ்தியாம்பிள்ளையின் வேலை. 1986 நத்தார் பண்டிகைக்கு முன் டேனிஷ் பாதர் அவரைக் கூப்பிட்டு, மூன்று கிளாஸ்களில் ஊற்றி வைத்தார்.

"இத்தாலி மலைத் தோட்டத்துச் சிவப்பு வைன்கள். குடித்துப் பார்த்துச் சொல்லும்."

முதலாவதைக் குடித்தார். "பரவாயில்லை, பாதர்."

இரண்டாவது. "இது நல்ல திறம்."

மூன்றாவது வாய்க்குள் போனதும் முகம் கோணியது. "சீ, புளிச்ச வினாகிரி. இதை மனிசர் குடிப்பினமோ?"

"அப்படியானால் இனிப் பூசைக்கு இதுதான்," என்றார் பாதர். "அலுமாரியில் இருக்கும் போத்தல் இனித் தானாகக் குறையாது."

பஸ்தியாம்பிள்ளை குனிந்த தலையோடு வெளியே வந்தார். மனைவி கத்தரீனா சைக்கிளோடு நின்றாள்.

"பிடிச்சிட்டாரோ?"

"ஓம்."

"அப்ப இனித் தொடமாட்டியள்."

"கூப்பிட்டு ஊத்தித் தரேக்கையே எனக்கு விசயம் விளங்கிட்டுது. மூண்டுக்குள்ள நான் வினாகிரி எண்டு சொன்னதுதானப்பா திறம்."