கேட் சாவி

“ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குறியே, உன் பல்லு முழுசா வீடு திரும்பணுமேங்கிற நினைப்பு இருக்கா உனக்கு?”

மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

மருமகள் பல் டாக்டர். அவளுடைய சிவப்பு நிற ஆயிரம் சிசி பைக் கேட்டுக்கு உள்ளே உறுமிக்கொண்டு நின்றது. கேட் பூட்டியிருந்தது. சாவி மாமியாரின் கையில்.

“ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் எல்லாம் போட்டிருக்கேன் அத்தை. கேட்டைத் திறங்க.”

“கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி குனிஞ்சுகிட்டுப் போறது ஒரு சவாரியா? பின்னாடி சீட்டுன்னு ஒண்ணு வச்சிருக்கான் பாரு, அதுல ஒரு பூனை உட்காருமா?”

“பூனையை நான் எங்கே கூட்டிட்டுப் போகப்போறேன்?”

“கட்டின புருஷனையே கூட்டிட்டுப் போக முடியலை. இதுல பூனை ஒண்ணுதான் குறைச்சல்!”

“உங்க பையன் ஸ்கூட்டர்ல உட்கார்ந்தாலே கண்ணை மூடிக்கிறார். அதுக்கு நான் என்ன பண்றது?”

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. மாமியார் ஒன்று சொன்னால் இவள் ரெண்டு சொல்வாள். கடைசி வார்த்தை தன்னுடையதாக இல்லாமல் எந்தச் சண்டையை விட்டும் அவள் நகர்ந்ததே கிடையாது.

எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்த அம்மா, ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தாள். கீழே நடப்பது அத்தனை சுவாரசியம்.

மாமியார் என்ன நினைத்தாளோ, பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

“சரி, போய்த் தொலை. உன்கிட்ட பேசி என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்.”

கேட் திறந்தது. பைக் பறந்தது.

முன்பெல்லாம் இப்படி இல்லை. மருமகள் பைக்கின் பட்டனை அழுத்தினால் மறு நிமிடம் தெருமுனையில் இருப்பாள். காத்திருப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. லிஃப்ட் வரக் கொஞ்சம் தாமதமானால் படியேறி ஓடுகிற ரகம்.

அப்படி வண்டியை விரட்டிய ஒரு நாள், தெருமுனையில் திரும்பும்போது கீழே விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வண்டியில் ஒரு கண்ணாடி உடைந்தது, அவ்வளவுதான். “நாய் குறுக்க வந்துடுச்சு” என்று வீட்டில் சொல்லிவைத்தாள்.

கண்ணாடியை மாற்றி வண்டியைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக்கை மாமியார் லேசில் விடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து வெகுநேரம் பேசினாள். மறுநாள் கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. அன்றைக்கு ஆரம்பித்த கச்சேரி, ஒரு நாள் விடாமல் நடக்கிறது.

சத்தத்துக்குப் பயந்தாவது சீக்கிரம் திறப்பாள் என்று மருமகள் எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் கேட்பாள். மாமியாரோ, எஞ்சின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் வாயையே திறப்பாள்.

“நீங்க எப்படித்தான் பொறுத்துக்கிறீங்களோ!” என்று எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். “பேசாம தனியா போயிடுங்க. நானே ஒரு புரோக்கரை அனுப்பறேன்.”

புரோக்கர் வந்தார். வீடும் பிடித்துப் போனது. கணவன் வழக்கம்போல, “உன் இஷ்டம்” என்று நழுவிக்கொண்டான். மறுநாள் காலை முடிவு சொல்வதாகப் பேச்சு.

அந்த மறுநாள் பார்த்து மாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

மருமகளுக்கு உள்ளூர ஒரே குஷி. பைக்கை ஸ்டார்ட் செய்தாள்.

“இன்னிக்காவது பேசாம கேட்டைத் திறங்க அத்தை.”

மாமியார் திறக்கவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்தபடி வந்து பைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“வாயாலதான் முடியலை, இப்ப வழிமறிக்கிறீங்களா?”

அதற்குள் போன் அடித்தது. புரோக்கர்தான். மாமியார் முன்னாலேயே எடுத்துப் பேசினாள் மருமகள்.

“அந்த வீடுதானே? கிளம்பிட்டேன், நேர்ல வந்தே பேசி முடிச்சிடறேன். நாங்க தனியா வர்றதுன்னு முடிவு பண்ணிட்டோம்.”

மாமியாரின் முகம் சட்டென்று வாடியது. கேட்ட வார்த்தை நெஞ்சில் குத்திவிட்டது. ஆனாலும் அவள் கேட்டின் பக்கம் போகவில்லை. கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் அவை மருமகளைப் பார்க்கவில்லை. குனிந்து, பைக்கின் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அங்க என்ன பார்க்கறீங்க?”

மாமியார் காற்றாகப் போன குரலில் சொன்னாள். “எழுபது வரட்டும்.”

“என்ன எழுபது?”

“சூடு. எஞ்சின் சூடாகாம விரட்டினா, திரும்புற இடத்துல பட்டுன்னு அணைஞ்சு ஆளைத் தள்ளிடுமாம். அன்னிக்கு நீ விழுந்ததும் அதாலதான், நாயும் இல்லை பேயும் இல்லைன்னு மெக்கானிக் சொல்லிட்டார்.”

மருமகளும் குனிந்து பார்த்தாள். மீட்டரில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று எண் ஏறிக்கொண்டிருந்தது.

“அப்ப தினமும் திட்டினது... இதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே அத்தை?”

“நில்லுன்னா நீ என்னிக்கு நின்னிருக்கே? சண்டைன்னாதானே நிக்கிறே!”

எழுபது வந்தது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.

மருமகள் கிளம்பவில்லை. கையில் இருந்த போனில் புரோக்கர் இன்னும் “ஹலோ, ஹலோ” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வீடு வேண்டாங்க” என்றாள். “அங்க கேட்டைப் பூட்டி வைக்க ஆள் இல்லை.”