தனபாலனுக்கு ஒரு சாட்சி

கைலியும் சட்டையுமாக ஸ்டேஷனுக்கு வந்த அப்துல் சமது, சிங்கப்பூரிலிருந்து அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டரின் முன்னால் நிமிர்ந்து நின்றான்.

"ரிப்போர்ட் எழுதணும், துவான். கஜா பேராங் தெருவுல கச்சான் கடலை விக்கிற கிழவர் தனபாலனை நேத்து ஒரு கான்ஸ்டபிள் கை ஒடிய அடிச்சிட்டான். சார்ஜனுக்கு மாமூல் தரமாட்டேன்னாரு, அவ்வளவுதான்."

"அந்தக் கிழவன்தான் போலீஸை அடிச்சான்னு இங்கே கேஸ் இருக்கே. லாக்கப்புல கிடக்கிறான்."

"பொய் கேஸு. வெள்ளைக்கார சர்க்காருக்கு அவர் கட்டுற வரியிலயும்தானே போலீசுக்குச் சம்பளம்?"

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. "உன்னையும் உள்ளே தள்ளட்டுமா?"

"எழுதிட்டுத் தள்ளுங்க."

"அடிச்சவன் நம்பர் தெரியுமா?"

"நூத்திப் பதினேழு."

"அவன் இல்லைன்னு சாதிப்பான். போலீஸ்காரனுக்கு எதிரா எந்தப் போலீஸ்காரன் சாட்சி சொல்வான்?"

அப்துல் சமது பின்வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்து மேசைமேல் வைத்தான். அதில் 117 என்று பொறித்திருந்தது.

"நான் சொல்வேன், துவான். அடிச்ச கை இதுதான். அடிக்கச் சொன்ன சார்ஜன் பேரையும் சேர்த்து எழுதுங்க."