பின்கட்டுக் குடித்தனம்

"எந்த ஊரும்மா நீ?"

இன்ஸ்பெக்டர் கேட்டது அவ்வளவுதான். அன்னபுஷ்பம் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

பதில் தெரியாத கேள்வியா அது? குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர், கன்னியாகுமரி ஜில்லா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் சொல்வதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. திறந்தால் அந்த ஊர்த் தமிழல்லவா வந்து விழும்!

பெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து ஒரு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால், குடிவந்த இந்தப் பென்னலூரில் அவள் பேச்சைக் கேட்டுத் தெருவே சிரிக்கும். "வருவினும், போவினும்" என்று பிள்ளைகள் பின்னாலேயே பேசிக்காட்டிக்கொண்டு வரும்.

இப்போது யாரும் சிரிப்பதில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழும் இவளுடைய தமிழும் இந்த ஊர்க் காதுக்கு ஒன்றுதான்.

போன வாரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றுகொண்டாள். சீட்டு காலியாக இருந்தும் பென்னலூர் வரைக்கும் அதில் யாரும் உட்காரவில்லை.

வார்ப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஜெபர்சனுக்கும் அதே கதைதான். கேட்டில் இருந்தவன் பேச்சைக் கேட்டுச் சந்தேகப்பட்டு, பகல் பூராவும் உட்கார வைத்துவிட்டான். சூப்பர்வைசர் வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினான்.

"எவன் கேட்டாலும் நீ வாயத் தொறக்காத, கேட்டியா."

இப்போது அவன் ஷிஃப்டில் இருக்கிறான். வாசலில் ஜீப் நிற்கிறது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த தாளில் வரிசையாக முகங்கள். தாளைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"உன்னத்தாம்மா கேக்குறேன்."

"அதுக்கு வாய் வராது சார்."

சொன்னது வீட்டுக்காரி ரத்னா. முன்கட்டிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். "பொறவி ஊமை. காதும் கேக்காது. அது வூட்டுக்காரரு கம்பெனிக்குப் போயிருக்காரு."

அன்னபுஷ்பத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ரத்னா அக்கா என்றால் ரத்னா அக்காதான். இந்த ஒரு மாதமாக அவள் பார்த்துக்கொள்வதுபோல் கூடப் பிறந்தவள்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டாள். அடிபம்பில் முதல் குடம் பின்கட்டுக்குத்தான். மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் பின்கட்டுக்குத்தான். பிள்ளைகள் பின்பக்கம் வந்து கத்தினால், "அக்காவைத் தொந்தரவு பண்ணாதீங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவாள். ஊரே ஒதுங்கிப் போகும்போது தனக்கு இப்படி ஒருத்தியா என்று, அன்னபுஷ்பம் ராத்திரி ஜெபத்தில் ரத்னாவின் பெயரையும் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் லேசில் நம்புகிறவராக இல்லை. கான்ஸ்டபிளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

கான்ஸ்டபிள் மெதுவாக நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் போனான். எதற்குப் போகிறான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கர்த்தாவே, கர்த்தாவே என்று உள்ளுக்குள் ஒரே சொல்தான் ஓடியது.

தகரக் கதவில் லத்தி இறங்கியது. படீரென்று.

ரத்னா துள்ளிவிட்டாள். எரவாணத்தில் இருந்த குருவி பறந்தது. அன்னபுஷ்பம் அசையவில்லை.

நெஞ்சுத் திடம் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தவன் ஓடுவான், கத்துவான், எதையாவது பிடித்துக்கொள்வான். அதையெல்லாம் தாண்டி ஒரு பயம் இருக்கிறது. அதில் கையும் ஓடாது, காலும் ஓடாது, இமைகூடத் தட்டாது. உடம்பெல்லாம் காதாக அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். காட்டிக்கொடுக்க வேண்டிய பயமே அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது.

"செவிடுதான்யா. புருஷன் வந்தா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லு." இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தம் மண்ணூர்ப் பக்கம் போய் ஓயும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பிறகு ரத்னா கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

அன்னபுஷ்பத்துக்கு அடக்கி வைத்த அழுகை மொத்தமும் பீறிட்டு வந்தது. ரத்னாவின் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகள் ஜில்லிட்டிருந்தன.

ரத்னா கையை உருவிக்கொண்டாள். தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

"நான் காட்டிக் குடுக்கல, பாத்தே இல்ல? உங்க ஆளுங்களாண்ட சொல்லிடும்மா. எங்கள ஒண்ணும் பண்ணிட வேணாம்னு சொல்லு. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. உன் கால்ல வுழறேன்."

எந்த ஆட்கள்? அன்னபுஷ்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அந்த முதல் குடம், முதல் கிண்ணம் எல்லாம் எதற்கென்றும் விளங்கிவிட்டது.

ஐயோ அக்கா, நாங்கள் அவர்கள் இல்லை என்று கதற வேண்டும்போல் இருந்தது. அதையும் அவள் அந்தத் தமிழில்தான் சொல்லியாக வேண்டும்.

தூக்கி நிறுத்தலாம் என்று குனிந்து கையை நீட்டினாள்.

ரத்னா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.