அண்ணத்தில் ஒரு திருகு

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்து மதிய வெயில் ஜன்னல் வழியாக நாற்காலி வரை வந்திருக்கிறது. ஜீப்னி என்கிற நீள ஷேர் வண்டி ஓட்டும் நெஸ்டோர் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்திருக்கிறான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறவன் என்பதால், டாக்டர் அவன் மேல்தாடையை நடுவில் பிளந்து, அண்ணத்தில் சின்னத் திருகு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். தினமும் ஒருமுறை குட்டிச் சாவியால் அதைத் திருப்பினால் தாடை மயிரிழை அகலும். திருப்புகிறவள் மனைவி எர்லிந்தா. அவன் பதில் சொல்ல முடியாத இந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் பேச்சைச் சேர்த்து வைக்கிறாள். "ஸ்டாண்டுல போய் என் மீன் சூப் உப்புன்னு சொன்னியாமே. இப்பச் சொல்லு." அவன் "ஆ" என்கிறான். அவள் சாவியை உருவியதும் சிரிக்கிறான். முன்பற்கள் இரண்டும் விலகி நிற்கின்றன. "இந்தச் சந்துல உன் ஜீப்னியையே ஓட்டலாம்." அவள் சாவியைக் கழுவி வருவதற்குள் அவன் கண்ணயர்ந்திருக்கிறான். பதினோரு வருஷமாகக் குறட்டை நின்றால் அவள் அவன் விலாவில் இடிப்பாள். அப்புறம்தான் அடுத்த மூச்சு வரும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. பழகிய கை இடித்துவிடுகிறது. "மூச்சு விட்டுட்டுதானடி இருந்தேன்." "கேக்கலையே." "கேக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும்." அவள் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலில் தலை சாய்க்கிறாள். வெயில் அவள் நரைமுடிக்கு ஏறுகிறது. கால் மரத்துப்போயும் நெஸ்டோர் அசையவில்லை. எர்லிந்தா குறட்டை விடுகிறாள்.