நாலு இன்ஜின்

கள்ளக்குறிச்சியில் துணிக்கடை வைத்திருக்கும் அமீனுல்லாவுக்கு, அந்தக் காலத்து ஜெட் விமானங்களின் சின்ன மாதிரிகளைத் தேடி வாங்கிப் பழுதுபார்ப்பதில் அப்படியொரு ஆசை. அன்றும் ஒரு நாலு இன்ஜின் விமானத்துக்கு முறிந்த இறக்கையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஹப்சா, "மேல போறப்ப இந்த இறக்கை ஆடுமாமே, உடையாதாங்க?" என்றாள்.

"வளைஞ்சு குடுக்கத்தான் அப்படிச் செய்யறாங்க."

"நடு வானத்துல ஒரு இன்ஜின் நின்னுட்டா?"

"மீதி மூணு இழுத்துக்கினு போவும். இப்ப வர்ற பிளேனுக்கு ஒண்ணே போதும், பத்திரமா எறக்கிடுவாங்க."

பேசிவிட்டுப் போக வந்திருந்தாள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நூர்ஜகான்; அவளுக்கு இதைக் கேட்கவே பாவமாக இருந்தது. ஹப்சா டீ போட எழுந்ததும் அவளும் பின்னாலேயே போனாள்.

"இன்னாக்கா, உங்களுக்கு இவ்ளோ பயமா? சார்ஜால உங்க மவளுக்குப் பொறந்திருக்கிற பேரனப் பாக்க வேணாமா?"

ஹப்சா குரலைத் தாழ்த்திச் சிரித்தாள்.

"நான் தனியாவே ரெண்டு வாட்டி போய் வந்தவ. பயம் அவருக்குத்தான். போன தடவை ஏர்போர்ட் வாசல்லேர்ந்து திரும்பிட்டாரு. தைரியம் சொன்னா கோவம் வருது. அதான் நான் பயந்த மாரி கேக்கறேன். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அவரே தேறிக்கினு வர்றாரு."

கூடத்திலிருந்து அமீனுல்லாவின் குரல் வந்தது.

"ஹப்சா, மவளுக்குப் போன் போட்டு ரெண்டு டிக்கெட்டா எடுக்கச் சொல்லு. நீ பயப்படாத, நான் உன் கையப் புடிச்சிக்கினே வரேன்."

"கெட்டியா புடிச்சிக்கோங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் கொடுத்தாள் ஹப்சா.